150 மீட்டர் என்றால் 150 மீட்டரா? பழைய ஜப்பானிய டைவர் வாட்ச் பற்றி ஓர் அறிமுகம்

பழைய சீகோ டைவர் வாட்ச் ஒன்று விற்பனைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ஒரிஜினலா? தண்ணீரில் போடலாமா? விற்பவர் ஒரே மூச்சில் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுவார்: "பக்கா ஒரிஜினல் சார், 150 மீட்டர் வாட்டர்ப்ரூஃப், டயல்லயே போட்டிருக்கு பாருங்க."

டயலில் போட்டிருப்பது நிஜம்தான். ஆனால் அது 1980 வாக்கில் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளியே வந்த வாட்சுக்குக் கொடுத்த சான்று. நாற்பது வருடம் கழித்து அந்த வாட்ச் என்ன நிலையில் இருக்கிறது என்று டயலுக்குத் தெரியாது. அதோடு, தண்ணீர் தாங்குமா என்ற கேள்விக்கும் ஒரிஜினலா என்ற கேள்விக்கும் விடை வாட்சின் வெவ்வேறு பாகங்களில் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல வாட்சை வேண்டாம் என்று விடுகிறோம், பெயின்ட் அடித்த வாட்சுக்குக் காசு கொடுக்கிறோம்.

எதை டைவர் வாட்ச் என்கிறோம்

முத்துக்குளிப்பது, கப்பலின் அடிப்பகுதியைப் பழுது பார்ப்பது, சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் போவது என்று ஆழத்தில் வேலை செய்பவருக்கான வாட்ச் இது. இருட்டிலும் மணி தெரிய வேண்டும், அழுத்தத்தைத் தாங்க வேண்டும், இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்ட வேண்டும். கடைசி வேலையைச் செய்வது கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம். அதற்குப் பெசல் என்று பெயர். இறங்கும்போது பெசலில் உள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் போதும். அதன் பிறகு நிமிட முள் பெசலில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது.

ஜப்பானில் இப்படிப்பட்ட முதல் வாட்சை சீகோ 1965-ல் கொண்டுவந்தது. சேகரிப்பவர்கள் அதை 62மாஸ் என்று அழைக்கிறார்கள். 150 மீட்டர். ஜப்பானின் அண்டார்டிகா ஆய்வுக் குழுவினர் கட்டிக்கொண்டு போனது இதைத்தான். 1968-ல் நொடிக்குப் பத்துத் துடிப்பு துடிக்கும் 300 மீட்டர் வாட்ச் வந்தது. 1970-ல் வந்த 6105-8110 என்ற மாடலை வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் அணிந்தார்கள். ஜப்பானிய சாகசப் பயணி நவோமி உவேமுரா 1974-லிருந்து 1976 வரை கிரீன்லாந்திலிருந்து அலாஸ்கா வரை நாய்வண்டியில் தனியாக 12,000 கி.மீ. போனபோது அவர் கையில் இருந்ததும் அதுதான். 1976-ல் 6309-7040 வந்து 1988 வரை ஓடியது. கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, ஆமை ஓடு மாதிரி அகன்று உருண்டது என்பதால் 'டர்ட்டில்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. சிட்டிசன், ஓரியண்ட் நிறுவனங்களும் டைவர் வாட்ச் செய்திருக்கின்றன. ஆனாலும் புதிதாக வருபவர் முதலில் சந்திப்பது இந்த 6309-ஆகத்தான் இருக்கும். அதனால் இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் உள்ளே வருகிற வழிகள்

6309-ல் தண்ணீர் நுழைய மூன்று வழி உண்டு. கண்ணாடி உட்கார்ந்திருக்கும் விளிம்பு ஒன்று. திருகி மூடும் பின்மூடி இன்னொன்று. மூன்றாவது, 4 மணி இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிரவுன், அதாவது நேரம் திருத்தப் பிடித்துத் திருகுகிற குமிழ். மூன்று இடத்திலும் ஒவ்வொரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதை கேஸ்கட் என்பார்கள். வாட்ச் கடைக்காரர் வாஷர் என்பார்.

குக்கர் கேஸ்கட் தெரியும் அல்லவா, அதே சமாச்சாரம். புதிதாக இருக்கும்போது மெத்தென்று நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்கிறது. சில வருடத்தில் இறுகி, தட்டையாகி, ஓரத்தில் வெடிப்பு விடுகிறது. மூடியும் பாத்திரமும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனாலும் ஆவி பக்கவாட்டில் போகிறது. குக்கரில் அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது, வாட்சில் வெளியேயிருந்து உள்ளே தள்ளுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தடித்த எஃகுக் கேஸைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். எஃகு தண்ணீரைத் தடுப்பதில்லை. அது ரப்பரைச் சரியான அளவுக்கு நசுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அழுத்தத்தில் வளையாமல் நிற்கிறது. தண்ணீரைத் தடுப்பது என்னவோ சில்லறைக் காசு பெறும் அந்த ரப்பர்தான். பழைய 6309-ன் பின்மூடியைக் கழற்றும்போது, அந்த வளையம் கருகிய வெல்லப்பாகு மாதிரி பள்ளத்தில் ஒட்டிக்கிடப்பதைப் பார்க்கலாம். குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் பிறகு டயலில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்க மாட்டார்கள்.

மீட்டர் கணக்கு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஒரு கிலோ எடை கூடுதலாக அழுத்துகிறது. 150 மீட்டரில் அது 15 கிலோ. 3 செ.மீ. குறுக்களவுள்ள கண்ணாடியின் பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. ஆக, அந்தச் சின்னக் கண்ணாடி மேல் நூறு கிலோவுக்கும் சற்று அதிகமான பாரம் உட்கார்கிறது. உங்கள் மணிக்கட்டில் ஒரு பெரிய மனிதர் ஏறி நிற்பதற்குச் சமம்.

சர்வதேசத் தர அமைப்பின் 6425 என்ற விதிமுறைதான் இன்று டைவர் வாட்சுக்கு இலக்கணம். 1982-ல் முதலில் வந்தது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், குறித்துள்ள ஆழத்தைவிடக் கால்பங்கு அதிகமான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும் என்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஈரப்பதச் சோதனை. வாட்சை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்பக்கம் பனி படர்ந்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, வாட்ச் தேறாது. இயந்திரம் எதுவும் தேவையில்லாத சோதனை. ஆனால் பழைய வாட்சை வீட்டில் வைத்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டாம்.

பரவலாகச் சொல்லப்படும் இன்னொரு கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். நீந்தும்போது கையை வீசினால் அழுத்தம் பல மடங்காகும், அதனால் 50 மீட்டர் வாட்ச் குளத்துக்குக்கூட ஆகாது என்பார்கள். கணக்கு அப்படி வரவில்லை. தண்ணீருக்குள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும், அதனால் கூடுகிற அழுத்தம் இன்னும் ஒன்றேகால் மீட்டர் ஆழம் போனதற்குத்தான் சமம். வாட்சைக் கெடுப்பது வீச்சு கிடையாது. இறுகிப்போன கேஸ்கட், சரியாகத் திருகி மூடாத கிரவுன், சுடுநீரில் குளித்துவிட்டு உடனே குளிர்ந்த நீரில் இறங்குவது, இந்த மாதிரி விஷயங்கள்தான் கெடுக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டயலில் உள்ள மீட்டர் என்பது புதிய வாட்சை, புதிய கேஸ்கட்டோடு சோதித்த அளவு. பழைய வாட்சைத் திறந்து, கேஸ்கட் மாற்றி, அழுத்தச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கும்வரை அதன் தாங்குதிறன் சுழியம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

குரேயிலிருந்து வந்த கடிதம்

ரப்பர்தான் கதாநாயகன் என்பதற்கு சீகோவின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1968-ல் ஹிரோஷிமா மாகாணத்தின் குரே நகரத்திலிருந்து தொழில்முறை மூழ்காளர் ஒருவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 300 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் தாங்கள் செய்யும் வேலைக்கு உங்கள் வாட்ச் தாங்கவில்லை என்பது புகார்.

அவர்கள் செய்தது செறிவு மூழ்கல். மூழ்காளர்கள் நாள்கணக்கில் உயரழுத்த அறைக்குள்ளேயே தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து, அங்கிருந்தே கடலுக்குள் போய் வருவார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. தண்ணீர் நுழைய முடியாத கேஸ்கட்டின் வழியே அது மெல்லக் கசிந்து வாட்சுக்குள் போய்விடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட வாயு வெளியேற வழியில்லாமல் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு தெறிக்க வைக்கும்.

சுவிஸ் நிறுவனங்கள் வாயு வெளியேற ஒரு வால்வு வைத்தன. சீகோ பொறியாளர்கள் வேறு பக்கமிருந்து யோசித்தார்கள். வெளியேற்றுவானேன், நுழையவே விடாமல் செய்தால் என்ன? ஏழு வருட உழைப்புக்குப் பிறகு, 1975-ல் 600 மீட்டர் வாட்ச் வந்தது. பின்மூடியே இல்லாத ஒரே வார்ப்பான டைட்டானியம் கேஸ். உலகிலேயே டைட்டானியத்தில் செய்த முதல் டைவர் வாட்ச் அது. கண்ணாடியைச் சுற்றி ஹீலியத்தையும் தடுக்கிற எல் வடிவக் கேஸ்கட். அடி படாமல் காக்க வெளியே ஒரு கவசம். அந்தக் கவசத்தால் உருண்டை டப்பா போல ஆகிவிட்டதால் 'டூனா டப்பா' என்று பெயர். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரப்பர் வளையத்தின் வடிவத்தை மாற்றித் தீர்த்த பிரச்சினை என்ற வகையில், ஜப்பானிய டைவர் வாட்சுகளிலேயே எனக்கு அதிக மரியாதை அதன் மேல்தான்.

பழைய வாட்ச் தண்ணீரைத் தாங்கும் என்று வாதிடுபவர்கள் எடுத்துக்காட்டும் கதை வேறொன்று உண்டு. சிட்டிசனின் 150 மீட்டர் சேலஞ்ச் டைவர் ஒன்று 1983-ல் ஆஸ்திரேலியாவின் லாங் ரீஃப் கடற்கரையில் கிடைத்தது. மேலெல்லாம் கொட்டலசு என்கிற ஓடுள்ள கடலுயிர் படிந்திருந்தும் ஓடிக்கொண்டிருந்தது. உண்மைக் கதைதான். ஆனால் அந்த மாடல் வெளிவந்ததே 1977-ல். கரையில் கிடைத்தபோது அதன் கேஸ்கட்டுக்கு அதிகம் போனால் ஆறு வயது. இன்று உங்கள் கையில் இருப்பதற்கு நாற்பது.

ஒரிஜினல் என்ற கேள்வி

தண்ணீரை விட்டுவிட்டு இரண்டாம் கேள்விக்கு வருவோம். சேகரிப்பவர்கள் ஒரிஜினல் என்று சொல்லும்போது, சீகோ செய்ததுதானா என்று மட்டும் கேட்பதில்லை. இந்தக் கேஸ், இந்த டயல், இந்த முள், இந்த மிஷின் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து சேர்ந்தே வந்தவையா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் சீகோவுடையதாகவே இருக்கலாம், ஆனால் நான்கு வாட்சிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததாக இருக்கலாம். அப்படிப்பட்டதை ஃபிராங்கன் என்கிறார்கள். அதற்கடுத்த வகை, சீகோ செய்யாத போலிப் பாகங்கள் கலந்தது. மூன்றாவது ரீடயல், அதாவது பழைய டயலை அழித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்தது. மும்பையிலிருந்து உலகம் முழுக்கப் போகிற பளபள சீகோ 5 வாட்சுகளில் ஏராளமானவை இந்த வகை.

சீகோ சேகரிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வாட்ச் தன் பிறந்த தேதியைத் தானே சொல்லும். பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். 6309-7040 என்பது மாடல் எண். முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மிஷினைக் குறிக்கும், அடுத்த நான்கு கேஸைக் குறிக்கும். தனியாகப் பொறித்திருக்கும் இன்னொரு எண் வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாகவும், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் ஆங்கில எழுத்து ஓ, என், டி என்றும் இருக்கும். வரிசை எண் 2-லும் டி-யிலும் தொடங்கினால், அந்த 6309 பிறந்தது 1982 டிசம்பர்.

பத்தாண்டு எது என்பதை மாடல் ஓடிய காலத்தை வைத்து நாமே ஊகிக்க வேண்டும். 1972-ல் 6309 இல்லை, 1992-க்கு முன்பே உற்பத்தி நின்றுவிட்டது, எனவே 1982. ஆனால் முதல் இலக்கம் 7 என்றால் 1977-ஆகவும் இருக்கலாம், 1987-ஆகவும் இருக்கலாம். அப்போது மற்ற பாகங்களைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

டயலின் அடிவிளிம்பில், 6 மணிக்கு இருபுறமும், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவில் ஒரு குறியீடு இருக்கும். அதுவும் 6309 என்று தொடங்கி, அந்தக் கேஸுக்குரிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். போலி டயலில் இந்த எழுத்துகள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மை ஊறியது மாதிரி தெரியும். உள்ளே மிஷினிலும் 6309ஏ என்று பொறித்திருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி மகிழ வேண்டாம். அதே 6309 மிஷினை சீகோ எத்தனையோ சாதாரண ஆட்டோமேட்டிக் வாட்சுகளிலும் போட்டது. செத்துப்போன டைவரின் கேஸுக்குள் அதை மாற்றிப் பொருத்துவது வாட்ச் கடைக்காரருக்கு அரை மணி நேர வேலை.

வாரநாள் சக்கரமும் துப்புக் கொடுக்கும். ஜப்பான் சந்தைக்கென்று வந்த சகோதர மாடல் 6306. அதில் ஜப்பானிய எழுத்தான கான்ஜியில் கிழமை வரும், மிஷினில் தேய்மானத்தைக் குறைக்கும் கல் 21 இருக்கும், கிரவுனை முழுவதும் இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். ஏற்றுமதியான 6309-ல் 17 கல்தான், நொடிமுள் நிற்காது. இரண்டுக்குமே கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, கையில் கட்டி ஆட்டினால்தான் ஓடும். சாவி கொடுத்தும் ஓடவில்லையே என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவது இதனால்தான்.

சுருக்கமாக: மாடல் எண், வரிசை எண், டயல் குறியீடு, மிஷின் எண் நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டால் காரணம் கேட்க வேண்டும்.

ரேடியமும் பாலிஷும்

இருட்டில் ஒளிரும் பூச்சு எதுவானாலும் நம்மூரில் ரேடியம்தான். எனவே நானும் அப்படியே சொல்கிறேன். ராத்திரி முழுக்கப் பளீரென்று ஒளிர்கிற இன்றைய ரேடியத்தின் முன்னோடியான லூமினோவாவை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-ல்தான் கண்டுபிடித்தது. ஆகவே 1980-ல் பிறந்த 6309 விடியும்வரை பச்சையாக மின்னினால் சந்தோஷப்படக் கூடாது. யாரோ பின்னால் பூசியிருக்கிறார்கள். நல்ல பழைய டயலில் ரேடியம் வெளிர்மஞ்சளாக, பாலாடை நிறத்தில் மாறியிருக்கும். வெளிச்சம் காட்டினால் சில நொடி மினுங்கிவிட்டு அணைந்துபோகும். முள்ளில் உள்ளதும் டயலில் உள்ளதும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டயல் மஞ்சள், முள் தும்பைப்பூ வெள்ளை என்றால் முள் மாற்றியாயிற்று. ரேடியத்தில் கரும்புள்ளி இருந்தால் எப்போதோ ஈரம் உள்ளே போயிருக்கிறது.

கேஸில் பார்க்க வேண்டியது விளிம்பு. புதிய 6309-ன் மேற்பரப்பில் மெல்லிய பிரஷ் கோடுகள் இருக்கும், பக்கவாட்டு பளபளப்பாக இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடம் கத்திமுனை மாதிரி கூராக நிற்கும். பாலிஷ் சக்கரத்தில் வைத்து ஒரு தடவை தேய்த்தாலே அந்தக் கோடு மழுங்கிவிடும். உலோகம் போனது போனதுதான். கீறல் விழுந்த கேஸுக்குக் கூடுதல் விலை கொடுத்து, பளபளக்கும் கேஸை ஒதுக்குகிற இந்தப் பழக்கம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். கீறலை என்றைக்கு வேண்டுமானாலும் தேய்த்து எடுக்கலாம். தேய்த்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

இரண்டு கேள்வியும் மோதிக்கொள்வது இங்கேதான். வாட்சுக்கு உயிர் கொடுக்க நினைத்துக் கடையில் கொடுக்கிறோம். பழைய ஆள், நல்ல தொழில்காரர், நமக்கு நல்லது செய்வதாக நினைத்து டயலுக்குப் பெயின்ட், கேஸுக்குப் பாலிஷ், முள்ளுக்குப் புது ரேடியம் என்று முழு ஒப்பனையும் செய்து கொடுத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, வாடிக்கையாளர்கள் காலம்காலமாக அதைத்தான் கேட்டார்கள். நாம்தான் முதலிலேயே சொல்ல வேண்டும்: "அண்ணே, பாலிஷ் வேணாம், டயலையும் முள்ளையும் தொடாதீங்க. மிஷினைக் கழுவி எண்ணெய் போட்டு, வாஷர் மூணையும் மாத்திக் குடுங்க போதும்."

கேஸ்கட், மிஷினுக்குள் இருக்கும் மெயின்ஸ்பிரிங், சிராய்த்துப்போன கண்ணாடி இவையெல்லாம் தேய்ந்து மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. மாற்றினால் வாட்சின் மதிப்பு குறையாது. டயல், முள், கேஸ், பெசல் மேல் ஒட்டியிருக்கும் எண் தகடு நான்கும் வாட்சின் முகம். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமான பெசல் தகட்டை எடுத்துவிட்டுப் புதுக் கறுப்புத் தகடு போட்டாலும், பழையதைக் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இவ்வளவும் செய்து அழுத்தச் சோதனையிலும் தேறிவிட்டால் கடலில் போடலாமா? மழையில் நனைந்தால் பதற வேண்டாம், அவ்வளவுதான் என் பதில். கேஸ்கட் புதிது என்றாலும் அது உட்காரும் பள்ளத்தில் உப்பு அரித்த குழிகள் இருக்கலாம், கிரவுனின் மரை தேய்ந்திருக்கலாம். நீந்த ஆசை இருந்தால் அதற்கென்று ஒரு புது வாட்ச் வாங்கிக்கொள்வது மலிவு.

எதிலிருந்து தொடங்கலாம்

62மாஸும் 300 மீட்டர் மாடல்களும் முதல் வாட்சுக்கு ஏற்றவை இல்லை. விலையும் அதிகம், போலிப் பாகமும் அதிகம். 6309 நல்ல தொடக்கம், ஆனால் பொறுமை வேண்டும், ஏனென்றால் சந்தையில் சுற்றுவதில் ஃபிராங்கன் நிறைய. அதற்கு அடுத்து 1988-ல் வந்த 7002-ஐப் பலரும் கண்டுகொள்வதில்லை. கேஸ் சிறியது, நம் மணிக்கட்டுக்குப் பொருத்தமாக உட்காரும். 1996-லிருந்து 2019 வரை விற்ற எஸ்கேஎக்ஸ்007-ஐப் பழைய வாட்ச் என்று இப்போதே சொல்கிறார்கள். எனக்கு அது இன்னும் ஒப்பவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்மூடியின் எண்கள் தெளிவாகத் தெரியும் படம், டயலின் அடிவிளிம்பை நெருங்கி எடுத்த படம், பின்மூடியைத் திறந்து மிஷினைக் காட்டும் படம். மூன்றாவது படத்துக்கு, "சீல் உடையும் சார், திறக்க முடியாது" என்று பதில் வந்தால், நாற்பது வருடமாக அந்த கேஸ்கட்டை யாரும் மாற்றவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.